தன் மணலே தடையாக

வங்கக் கடலோரத்தில் வலை இழுத்து வாழ்கிறவர்கள், பிடிபட்டவற்றை மணலில் கொட்டி வகை பிரிக்கும்போது, வெறுங்கையால் தீண்டத் தயங்குகிற மீன் ஒன்று உண்டு. திருக்கை இனத்தைச் சேர்ந்த, தட்டையும் வட்டமுமான உடலையுடைய அந்த மீனின் முதுகில் ஈரக்கை பட்டுவிட்டால், விரல்நுனி தொடங்கி முழங்கை வரையில் ஓர் அதிர்ச்சி பாய்ந்து, அந்தக் கை தன்னுடையதே அல்ல என்று தோன்றும்படி சற்று நேரம் மரத்துப்போகும். சந்தையில் அதற்கு மதிப்பில்லை. ஆகையால் பெரும்பாலும் அது கரையிலேயே கழித்துப் போடப்படும். தரங்கம்பாடிக் கடலில் அகப்பட்ட மின் திருக்கை ஒன்றை, பிளாக் என்னும் ஜெர்மானிய இயற்கைநூலார் தொடங்கி ஷ்னைடர் என்பவர் முடித்து 1801ஆம் வருஷத்தில் வெளியிட்ட மீன்நூல் வர்ணித்துப் பதிவு செய்திருக்கிறது. சோழமண்டலக் கரையில் அதன் உறவினங்கள் இன்றும் வலையில் விழுகின்றன.

இந்த ஜாதி மீனின் மின்னுறுப்பு, நரம்புகளின் தொழிலை ஆராய்கிறவர்களுக்கு நெடுங்காலமாகவே பிரியமான பொருள். மற்றப் பிராணிகளின் சரீரத்தில் சிதறிக் கிடக்கும் நரம்பு முனைகள் இங்கே நெருக்கி அடுக்கப்பட்டிருப்பதால், பிற இடங்களில் அணுவளவு கிடைக்கும் பதார்த்தங்கள் இதில் தாராளமாகக் கிடைக்கும். 1988ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மரோட்டோ, காம்பனெல்லி, ஷெல்லர் ஆகிய மூவர், கலிபோர்னியக் கடலில் வாழும் மின் திருக்கையின் அவ்வுறுப்பைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில் ஒரு புரதத்தை அடையாளம் கண்டு, எலியின் மூளையிலும் அதன் இணையைக் கண்டுபிடித்து, சைனியூக்ளின் என்று அதற்குப் பெயரிட்டனர். அப்போது அதை ஒரு வியாதியோடு சம்பந்தப்படுத்தி யோசிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. ஒன்பது வருஷங்களுக்குப் பிறகு, கையை மரக்கச் செய்கிற மீனிடத்தில் முதலில் தென்பட்ட அந்தப் பொருளே, மனிதனின் கையை நடுங்கச் செய்கிற ஒரு நோயின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்பது வெளிப்பட்டது.

அந்த நோயை நாம் நடுக்குவாதம் என்றும் உதறுவாதம் என்றும் சொல்கிறோம். ஆயுர்வேதம் கம்பவாதம் என்றது. மேல்நாட்டார் பார்க்கின்சன் நோய் என்பர். லண்டன் நகரத்தின் ஒரு மூலையில் வைத்தியம் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் வருஷத்தில் வெளியிட்ட சிறு நூலில் விவரித்தது ஆறே பேரின் நிலைமையை. அவர்களிலும் சிலரை அவர் தெருவில் போகிறபோது கண்டு விசாரித்ததோடு சரி. ஆயினும், சும்மா இருக்கும் கை நடுங்குவதையும், முதுகு முன்னோக்கிக் கூனுவதையும், நடை தன் கட்டுக்கு அடங்காமல் ஓட்டமாக மாறிவிடுவதையும் அவர் எழுதியிருக்கும் தெளிவில், பின்வந்தவர்கள் சேர்த்தது உண்டே தவிர நீக்கியது அதிகமில்லை. கண்ணால் கண்டதை மட்டுமே நம்பி எழுதிய அந்த மனிதருக்கு மூளைக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை அறியும் சாதனம் கிடையாது. அது அறியப்படுவதற்கு நூறு வருஷங்களாயின.

1912ஆம் வருஷத்தில் ஃபிரெடரிக் லூவி என்னும் ஜெர்மானிய மருத்துவர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, சில நரம்பணுக்களுக்குள்ளே உருண்டையான பொதிகள் கிடப்பதைக் கண்டார். 1919ஆம் வருஷத்தில் பாரீஸில் டிரெட்டியாகாஃப் என்பவர், மூளைத்தண்டின் உச்சியில் கறுப்பு நிறமாகத் தென்படும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்கிற பகுதி இந்நோயாளிகளிடத்தில் வெளிறிச் சிதைந்திருப்பதையும், அங்கே எஞ்சிய அணுக்களில் அதே உருண்டைகள் கிடப்பதையும் எடுத்துக்காட்டி, கண்டவர் பெயராலேயே லூவி உருண்டைகள் என்று அவற்றை அழைத்தார். அந்த உருண்டைகள் எதனால் ஆனவை என்னும் கேள்விக்கு விடை, முன் சொன்ன திருக்கையின் புரதம் வந்து சேரும் வரையில் காத்திருந்தது.

சென்னைக்கு வடக்கே, ஆரணியாறு வந்து விழுகிற இடத்தில், ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு கடலை மறித்து நிற்கப் பரந்து கிடக்கிறது பழவேற்காட்டு ஏரி. ஏரி என்று வழக்கில் சொன்னாலும் உப்பும் நன்னீரும் கலந்த காயல் அது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது. இதன் கரைக் குப்பங்களில் பிழைப்பு என்பது முழுவதும் கையைப் பொறுத்தது. எந்த நாளில் எந்தக் குழுவினர் எந்த நீர்ப்பரப்பில் வலை வைப்பது என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' என்னும் முறையால் தங்களுக்குள் வகுத்துக்கொண்டு பட்டினவர் இறால் பிடிக்கிறார்கள். வலையும் படகும் இல்லாத இருளர் பெண்களோ, பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து நகர்ந்து, சேற்றுக்குள் ஒளிந்திருக்கும் இறாலை விரல்களாலேயே தடவிப் பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். கண்ணுக்கு அங்கே வேலையில்லை, விரலுக்கே எல்லாம் தெரிகிறது. கோட்டைக்குப்பத்துப் பெண்கள் பனையோலையைக் கீறிப் பின்னுகிற பெட்டிகளும் விரலின் நுட்பத்தாலேயே விலைபோகின்றன. கை நடுங்கினால் இங்கே உத்தியோகம் போவதில்லை, சோறு போகிறது.

அந்தக் கரையில் ஒரு குப்பத்தில், படகுகள் ஏற்றிவைத்திருக்கும் இடத்துக்கு அருகே ஒரு முதியவரைப் பார்த்தேன். வேப்பமரத்து நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது கை தொடையின்மேல் சும்மா கிடந்தது. ஆனால் சும்மா கிடக்கவில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டே இருந்தன, மணிக்கட்டு அதே தாளத்தில் ஆடியது. இடது கையில் நடுக்கத்தின் சாயல்கூட இல்லை. முகத்தில் கோபமோ சிரிப்போ ஏறாமல் ஒரே நிலையாக இருந்தது. கண் சிமிட்டுவதுகூட அபூர்வமாக இருந்தது. நான் கையைக் கவனிப்பதைக் கண்டு அவர் மருமகள்தான் முதலில் பேசினாள்: "மாமாவுக்கு ரெண்டு வருஷமா இப்டிதான் சார், வயசாயிடுச்சு இல்ல." முதியவர் அதற்கு மறுமொழியாகப் பக்கத்தில் கிடந்த கிழிந்த வலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, நூல் சுற்றிய வலையூசியை அந்த வலது கையாலேயே எடுத்தார். எடுத்த கணத்தில் நடுக்கம் நின்றது. கண்ணி ஒன்றில் ஊசியைக் கோத்து, விரலை அளவாக வைத்து முடிச்சை இறுக்கி, அடுத்த கண்ணிக்கு மெதுவாகப் போனார்; பழைய வேகமில்லை, ஆனால் பிசகில்லை. "வேல குடுத்தா நின்னுடும் சார், சும்மா இருந்தாத்தான் ஆடுது" என்று தாழ்ந்த, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னார்.

அவர் சொன்னது சிறந்த நோய்க்குறிப்பு. முதுமையினால் வருகிற சாதாரண நடுக்கம், தம்ளரை எடுக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் மிகும். இந்த நோயின் நடுக்கம் ஓய்விலே பிறந்து, செயலிலே தணியும். ஒரு பக்கத்துக் கையில் முதலில் தோன்றும். வினாடிக்கு நான்கு முதல் ஆறு தடவை என்னும் கணக்கில் ஆடும். நடுக்கம் அறவே தோன்றாமல், உடல் இறுகுவதும் செயல் மந்தப்படுவதும் மட்டுமே நோயாக இருப்பவர்களும் உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரை இது பற்றுகிறது என்பது உலக அனுபவம். ஆகவே கடற்கரைக் குப்பங்களை மட்டும் இது விட்டுவைக்கும் என்று எண்ண இடமில்லை. எந்தக் குப்பத்திலும் இது இருக்கும். வயோதிகம் என்னும் பெயரில் இருக்கும்.

கறுப்புப் பகுதியின் நரம்பணுக்கள் செய்கிற வேலை, டோபமின் என்னும் ரசாயனத்தை உற்பத்தி செய்து, உடலின் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மையங்களுக்கு அனுப்புவது. இவற்றின் எண்ணிக்கை சில லட்சமே. ஆனால் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான கிளை முனைகளை விரித்து, தன் அளவுக்கு மீறிய பரப்பைத் தாங்கி நிற்கிறது. அவ்வளவு பாரம் சுமப்பதனாலேயே இவை எளிதில் நொடித்துப்போகின்றன என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். கை முதன்முதலாக நடுங்குகிற தினத்தில் இவற்றில் ஏறக்குறைய பாதி ஏற்கனவே மாண்டுபோயிருக்கும்.

இதனால் நேரும் டோபமின் குறைவை ஈடுசெய்யும் மருந்தின் கதையில் நமக்கும் பங்கு இருக்கிறது. பூனைக்காலிக் கொடியை அறியாத கிராமத்தான் இல்லை. அதன் காயின்மேலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். விதையோ வைத்தியத்தில் பெயர்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில், புரதங்களைப் பகுத்தாய்வதில் தேர்ச்சிபெற்ற எம். தாமோதரனும் ஆர். ராமசுவாமியும் 1937ஆம் வருஷத்தில், அந்த விதையிலிருந்து லெவோடோபா என்னும் பதார்த்தத்தைப் பிரித்தெடுத்து இங்கிலாந்தின் உயிர்வேதியியல் பத்திரிகையில் பிரசுரித்தனர். அதே பதார்த்தத்தை 1913ஆம் வருஷத்திலேயே சுவிட்சர்லாந்தில் குக்கன்ஹைம் என்பவர் ஐரோப்பிய அவரையினம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தார்; என்றாலும் பூனைக்காலி விதையில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்கு என்னும் அளவில் நிறைந்திருப்பது விசேஷம். இதனால் எந்த நோய் தணியும் என்பது அன்று சென்னையிலும் தெரியாது, சுவிட்சர்லாந்திலும் தெரியாது.

தெரியவந்த விதத்தில் இன்னொரு நாட்டு மூலிகை குறுக்கிட்டது. சர்ப்பகந்தி வேர் இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்பதை 1949ஆம் வருஷத்தில் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் உலக மருத்துவர்களுக்கு அறிவித்தார். அதன் சத்தான ரிசர்பினை 1952இல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் பிரித்தெடுத்தார்கள். ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்சன் 1957இல் அந்த ரிசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் குறுகிக் கிடந்தன. பின்னர் டோபாவை ஊசியில் ஏற்றினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் அருகிப்போயிருப்பதைக் காட்டினார். 1967இல் அமெரிக்காவில் காட்சியாஸ், டோபாவைச் சிறுகச் சிறுகக் கூட்டி வாய்வழியே கொடுத்து, ஆண்டுக்கணக்காக முடங்கிக் கிடந்தவர்களை நடக்கவைத்தார். நோயின் போலியை முயலிடத்தில் உண்டாக்கிய வேரும் நம் மண்ணில் விளைவது. நோயைத் தணிக்கும் பொருள் நிறைந்த விதையும் நம் வேலியில் தொங்குவது. இரண்டையும் இணைத்துப் பார்த்த கண் மட்டும் வேறு இடத்தில் இருந்தது. அந்த மருந்து இங்கே பரவுவதற்கு முன்பு, சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் அவருடைய சகாக்களான பாலசுப்பிரமணியமும் கல்யாணராமனும், மண்டைக்குள் நுண்ணிய கருவியைக் கணக்காகச் செலுத்தி நடுக்கத்துக்குக் காரணமான சிறு இடத்தை மட்டும் செயலிழக்கச் செய்யும் சஸ்திர சிகிச்சையைச் செய்துவந்ததையும் இங்கே நினைக்க வேண்டும்.

லெவோடோபா இன்றும் இந்நோய்க்குத் தலையாய ஔஷதம். ஆயினும் அது இல்லாததைக் கொடுக்கிறதே தவிர, இல்லாமற்போவதைத் தடுப்பதில்லை. நாளடைவில் ஒரு வேளை மருந்தின் பலம் அடுத்த வேளை வரையில் நிற்பதில்லை. வேண்டாத அசைவுகள் வந்து சேருகின்றன. மீனவர் வீட்டுக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. குடலிலிருந்து இரத்தத்துக்கும் இரத்தத்திலிருந்து மூளைக்கும் இந்த மருந்து நுழைகிற வாசல், உணவிலுள்ள புரதம் செரித்துப் பிறக்கும் அமினோ அமிலங்களும் நுழைகிற வாசலே. மடவைக் குழம்பும் இறால் தொக்குமாகச் சோறு உண்டு, கையோடு மாத்திரையையும் போட்டுக்கொண்டால், இரண்டும் வாசலில் நெருக்கி, மாத்திரை பின்தங்கிவிடும். "மாத்திர போட்டும் ஒண்ணும் கேக்கல" என்று சலித்து மருந்தையே நிறுத்திவிடுகிறவருக்கு, சாப்பாட்டுக்கு அரைமணியோ ஒருமணியோ முன்னதாக அதை விழுங்கவேண்டும் என்னும் ஒரு வார்த்தையை யாராவது சொல்லியிருந்தால் போதும். பூனைக்காலிப் பொடியைத் தாமே வாங்கித் தின்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: மருந்து அதில் மெய்யாகவே இருப்பதனால்தான், அளவு தெரியாமல் உண்பது அபாயம்.

இனி, இல்லாமற்போவதன் காரணத்துக்கு வருவோம். மனித மூளையிலுள்ள ஆல்ஃபா சைனியூக்ளின் 140 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரடு. பெரும்பாலான புரதங்கள் பிறந்தவுடன் ஒரு திட்டமான உருவத்தில் மடிந்து, அந்த உருவத்தின் பலத்தாலேயே தம் தொழிலைச் செய்யும். இதற்கு அத்தகைய நிலையான வடிவம் கிடையாது. நீரில் அலைந்து திரியும். நரம்பு முனையில் ரசாயனத்தை ஏந்தி நிற்கும் நுண்பைகளின் மேற்பரப்பில் படியும்போது மட்டும் ஒருவாறு சுருண்டு வடிவம் கொள்ளும். அப்பைகள் வரிசைப்பட்டுத் தம் சரக்கை உரிய நேரத்தில் விடுவதற்கு உதவி செய்துவிட்டு, மறுபடியும் உருவற்றுத் திரியும். நரம்பணுக்களுக்குள் கரைந்திருக்கும் புரதத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு வரையில் இதுவே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு எளியதும் இவ்வளவு தாராளமானதுமான ஒன்றைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

சந்தேகத்துக்கு வழி காட்டியது ஒரு சிற்றூர். தென் இத்தாலியில் சலேர்னோவுக்கு அருகேயுள்ள கொந்தூர்சி என்னும் ஊரிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களில் இந்நோய் தலைமுறைதோறும் தொடர்வதை நியூ ஜெர்சியில் டுவாய்சின், கோல்பே என்னும் மருத்துவர்கள் கவனித்து, வம்சாவளியைத் தேடி அந்த ஊருக்கே சென்று சேர்ந்தார்கள். அக்குடும்பத்தாரின் மரபணுக்களை ஆராய்ந்த பாலிமெரோபௌலோசும் குழுவினரும் 1997இல் கண்டது, சைனியூக்ளின் சரட்டின் 53ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது என்பதை. அதே வருஷத்தில் கேம்பிரிட்ஜில் ஸ்பில்லன்டீனியும் கோடர்ட்டும் மற்றவர்களும், வம்ச வரலாறு இல்லாத சாதாரண நோயாளிகளின் லூவி உருண்டைகளும் இதே புரதத்தால் ஆனவை என்று நிரூபித்தார்கள். அரிதான குடும்பத்தின் விதியும் பொதுவான நோயாளியின் விதியும் ஒரு பொருளில் வந்து சந்தித்தன. 2003இல் ஐயோவா மாகாணத்துக் குடும்பம் ஒன்றில் இதைவிட வியப்பானது தெரிந்தது: அங்கே புரதத்தில் மாறுதல் ஒன்றுமில்லை, அதை உண்டாக்கும் மரபணு மட்டும் மிகுதியாகப் பிரதியாகி, குற்றமற்ற அதே புரதம் இருமடங்காக உற்பத்தியாயிற்று, அதுவே போதுமானதாக இருந்தது, இளவயதிலேயே நோய் மூள்வதற்கு.

பழவேற்காட்டு முகத்துவாரத்தைப் பல பருவங்களில் பார்த்தவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. கடலோரமாக நீரோட்டம் எப்போதும் மணலைச் சுமந்துகொண்டே போகிறது. ஆற்றில் வெள்ளமும் ஏரியில் வேகமும் உள்ள வடகிழக்குப் பருவத்தில், அந்த மணல் வருகிறதும் போகிறதுமாக இருக்கும், அதனால் தீங்கில்லை, கரையைக் கட்டிக் காப்பதே அந்த மணல்தான். கோடையில் ஓட்டம் தளர்ந்ததும் அதே மணல் வாயிலில் தங்குகிறது. தங்கிய மணலின்மேல் வருகிற மணல் தங்குகிறது. சில வாரங்களில் திட்டு எழும்பி, கடலுக்கும் ஏரிக்கும் இருந்த போக்குவரத்து நின்று, இறால் குஞ்சு உள்ளே வராமல், ஏரியின் உப்பு ஏறி, பாடு வெறும் வலையாகிவிடுகிறது. வெளியிலிருந்து எவரும் கொண்டுவந்து கொட்டிய மணல் அன்று அது. எந்த ஓட்டம் அதைச் சுமந்ததோ, அந்த ஓட்டத்தை அதே மணல் மறிக்கிறது.

சைனியூக்ளின் செய்வதும் இதுவே. ஒன்றிரண்டு சரடுகள் தப்பாக மடிந்து ஒன்றோடொன்று தட்டையாக ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய வடிவம், அருகே உருவற்றுத் திரியும் மற்றச் சரடுகளையும் தன் வடிவத்துக்கு இழுக்கிறது. இழை நீண்டு, முறிந்து, முறிந்த துணுக்குகள் புதிய இழைகளுக்கு விதையாகின்றன. மிகுந்திருந்தால் இது விரைவில் நேரும். மூப்பினால் அணுவின் கழிவகற்றும் சக்தி குன்றினால் அப்போதும் நேரும். 2022இல் நோயாளிகளின் மூளையிலிருந்தே இந்த இழைகளை எடுத்துப் படம்பிடித்து, அவற்றின் மடிப்பை அணுவணுவாக வரைந்து காட்டியிருக்கிறார்கள். வேறொரு கொடிய நரம்பு நோயில் இதே புரதம் வேறொரு மடிப்பில் காணப்படுவதும் தெரிந்திருக்கிறது. பொருள் ஒன்றே, மடிப்பு மாறினால் வியாதி மாறுகிறது. வடிவமின்மை அதற்குக் குறைபாடாக இருந்ததில்லை. வடிவம் வாய்த்ததே விபத்தாயிற்று.

மணல்திட்டு ஓரிடத்தில் நிற்கும். இந்தப் புரதம் இடம் பெயர்கிறது என்பதில்தான் உவமை தளர்கிறது. 2003இல் ஜெர்மனியில் பிராக் என்பவரும் குழுவினரும் பல மூளைகளை ஒப்பிட்டு, இந்தப் படிவு முதலில் தோன்றுவது கறுப்புப் பகுதியில் அல்ல, வாசனையை அறியும் பகுதியிலும், குடலோடு தொடர்புகொண்ட நரம்பின் மூலத்திலும் என்றும், அங்கிருந்து படிப்படியாக மேலேறுகிறது என்றும் கூறினர். 2008இல் இன்னொரு சான்று வந்தது: பதினோரு முதல் பதினாறு வருஷங்களுக்கு முன் சிகிச்சையாகச் சில நோயாளிகளின் மூளைக்குள் பதியமிடப்பட்ட இளம் நரம்பணுக்களுக்குள்ளேயும் லூவி உருண்டைகள் தோன்றியிருந்தன. பழைய அணுக்களின் விகாரம் புதிய அணுக்களைப் பற்றிக்கொண்டது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் சொல்வது கடினம்.

இதனால்தான் இந்நோயாளிகளில் பலர், கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூக்கின் உணர்வை இழந்துவிடுகிறார்கள், மலச்சிக்கல் நிரந்தரமாகிறது, உறக்கத்தில் கனவுக்கு ஏற்ப உதைப்பதும் கத்துவதும் உண்டாகிறது. முன் சொன்ன குப்பத்தில் அந்த முதியவரின் மனைவி இதற்குச் சாட்சியம் சொன்னாள், சாட்சியம் என்று அறியாமலே. "கருவாடு வறுத்தா தெரு முழுக்க மணக்கும், இந்த மனுசனுக்கு மட்டும் எதுவும் தெரியாது, இப்ப இல்ல, பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே" என்று அவள் சொன்னபோது, அருகில் அந்தப் பெண் தன் பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கருவாட்டு வாடையையே சுவாசித்து வாழ்கிற ஊரில் ஒருவர் அதை இழப்பது, பட்டணத்து மனிதர் பூவாசனையை இழப்பதைவிட எளிதில் மற்றவர்க்குத் தெரியும். தெரிந்தும் அது ஒரு செய்தியாக எவருக்கும் படவில்லை.

ஆயினும், இந்தப் புரதமே முழுக் குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. 1998இல் ஜப்பானியர் கண்டுபிடித்த பார்க்கின் என்னும் வேறொரு புரதம், பழுதடைந்த பொருள்களுக்கு அடையாளமிட்டு அகற்ற உதவுவது. அது குறைபடுவதால் இளமையிலேயே நோய்வாய்ப்படுகிறவர்கள் பலரின் மூளையில் லூவி உருண்டைகளே காணப்படுவதில்லை. மறுபுறம், நோயின் அடையாளம் ஒன்றுமின்றி வாழ்ந்து இறந்த முதியவர்கள் சிலரின் மூளையில் அவை கிடக்கின்றன. கொந்தூர்சிக் குடும்பத்தாரை வீழ்த்திய அந்த 53ஆவது இடத்து மாறுதல், எலிக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது, எலி நடுங்குவதில்லை. உருண்டை என்பது நோயின் காரணமா, அல்லது சிதறித் திரியும் சிறு திரள்களை ஒரே மூலையில் அடக்கிவைக்க அணு செய்யும் கடைசி முயற்சியா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அடைந்த வாயை மண்வெட்டியாலும் இயந்திரத்தாலும் வெட்டித் திறப்பதுபோல, சேர்ந்த புரதத்தை எதிர்ப்பொருள்களால் அகற்றிப் பார்க்கலாம் என்று நடந்த இரண்டு பெரிய பரீட்சைகளின் முடிவுகள் 2022இல் வெளியாயின. நோயின் போக்கை அவை மட்டுப்படுத்தவில்லை. வெட்டிய வாய் மறுபடியும் தூர்ந்துபோவதைப் பார்த்துப் பழகிய மீனவர்கள், ஓட்டம் குன்றியது ஏன் என்னும் முந்தைய கேள்வியைத்தான் கேட்பார்கள்.

அந்த முந்தைய கேள்விக்கு ஒரு பகுதி விடை, மீன்பிடித் தொழிலின் பழைய தந்திரம் ஒன்றிலிருந்தே கிடைத்தது. டெர்ரிஸ் இனக் கொடிகளின் வேரை நசுக்கி நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிப்பது தென்கிழக்காசியாவில் நெடுங்கால வழக்கம். அந்த வேரின் விஷமான ரொட்டினோன், உயிரணுவுக்குள் பிராணவாயுவைக் கொண்டு சக்தி உண்டாக்கும் இயந்திரத்தின் முதற்படியை முறிக்கிறது. மீன் மூச்சுமுட்டி மிதக்கிறது. 2000ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் கிரீனமயரும் குழுவினரும் இதைச் சிறு அளவில் எலிகளுக்கு இடைவிடாது செலுத்தினர். எலிகள் விறைத்து மந்தப்பட்டன. கறுப்புப் பகுதியின் அணுக்கள் மாண்டன. எஞ்சியவற்றில் சைனியூக்ளின் திரண்டிருந்தது. 2011இல் அமெரிக்கப் பண்ணைகளில் பூச்சிமருந்தோடு பழகியவர்களை ஆராய்ந்தபோது, ரொட்டினோனையோ பாராகுவாட் என்னும் களைக்கொல்லியையோ கையாண்டவர்களுக்கு இந்நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. சக்தி குன்றிய அணுவில் புரதம் தங்குகிறது; தங்கிய புரதம் சக்தியை மேலும் குன்றச்செய்கிறது. இயற்கையின் கொடை, வம்சத்தின் கொடை, வயலிலும் காற்றிலும் நாம் கலக்கும் பொருள்களின் கொடை ஆகிய எல்லாம் கூடி ஒரே திட்டில் படிகின்றன.

இவ்வளவும் யோசித்த பின் எனக்கு உறுதிப்படுவது ஒன்று. நோய் என்பதை வெளியிலிருந்து வரும் பகையாகவும், முதுமை என்பதை உள்ளிருந்து வரும் நியதியாகவும் பிரித்துப் பார்த்தே நாம் பழகியிருக்கிறோம். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம், கை ஆடினால் வயதைக் காரணமாகச் சொல்லித் திண்ணையில் உட்காரவைக்கிறோம். சைனியூக்ளினின் வரலாறு அந்தப் பிரிவினையை அழித்துவிடுகிறது. நம் சொந்தச் சரக்கினால், நம் சொந்த வேலையின் நடுவிலே உண்டாகி, பத்து வருஷமும் பதினைந்து வருஷமும் ஓசையின்றி நடந்தேறிய பிறகு கைக்கு வருகிற விகாரம் இது. அது உள்ளிருந்து வருவதனாலேயே இயல்பானது ஆகிவிடாது, மெதுவாக வருவதனாலேயே மூப்பு ஆகிவிடாது. முள்ளந்தண்டு நீரில் ஒரு துளியைக் கொண்டு, தப்பாக மடிந்த புரதம் இருக்கிறதா என்று கண்டறியும் சோதனை பெரிய அளவில் பரீட்சிக்கப்பட்டு 2023இல் வெற்றியுடன் வெளியாகியிருக்கிறது. அது குப்பத்துக்கு வர நாளாகும். ஆனால் பார்க்கின்சன் லண்டன் தெருவில் உபயோகித்த சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம்.

2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ், சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுவாசலுக்கே வந்து இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு உடற்பயிற்சி செய்விக்கவும் வருகிறார்கள். அவர்கள் வாயில் இன்னும் மூன்று கேள்விகளை வைப்பது பெரிய செலவில்லை: சும்மா இருக்கும்போது ஒரு கை மட்டும் ஆடுகிறதா? நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்குகிறதா? குழம்பின் வாசனை தெரியாமல் போயிற்றா? ஆம் என்பவரைப் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து சென்னைக்கும் அனுப்பிவைத்தால், நடுக்கத்தின் வகை தெரிந்துவிடும். லெவோடோபா தேசத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. அதை எப்போது விழுங்குவது என்று சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும். புரதம் ஏன் தங்குகிறது என்பதை முழுதும் அறிய இன்னும் ஒரு தலைமுறையாகலாம். வலையூசி பிடித்தால் நிற்கிற நடுக்கம் வயோதிகம் அல்ல என்று அந்த மருமகளிடம் சொல்வதற்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை, சொன்னேன், அடுத்த திங்கட்கிழமை பொன்னேரிக்கு எந்த பஸ் போகும் என்று அவள் தன் கொழுந்தனைக் கேட்டாள்.